பேஸ் இடித்தது, பாட்டு கேட்கவில்லை: நாங்களே செய்த ஸ்பீக்கர்களின் கதை

முதல் நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்ட நண்பன் மேடைக்கு வந்தான். "எப்படிடா இருந்துச்சு?" என்றேன். பெட்டியைச் செய்தது நான்தான் என்பது அவனுக்குத் தெரியும். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "பேஸ் நெஞ்சுல வந்து இடிச்சுது. பாட்டுதான்... என்ன மொழியில பாடினாங்கன்னே கண்டுபிடிக்க முடியல."

எங்கள் குழுவில் ஐந்து பேர். பாடகி, கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ், அப்புறம் பேஸ் கிட்டாரோடு நான். பேஸ் வாசிக்கிறவனிடம் ஸ்பீக்கர் செய்யச் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்று டிரம்மர் இன்றும் குத்திக்காட்டுவார். அதில் உண்மை இருக்கிறது. அந்த முதல் ஜோடியைச் செய்தபோது என் காதில் ஓடிக்கொண்டிருந்தது என் வாத்தியம் மட்டும்தான்.

பெட்டி 25 மி.மீ. எம்டிஎஃப் பலகையில், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகையில், செய்தது. கனமாக இருந்தால் அதிராது என்று யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். அதிரவில்லைதான். தூக்கவும் முடியவில்லை. ஸ்பீக்கர் மாட்டாத வெறும் பெட்டியே 30 கிலோவை நெருங்கியது. உள்ளே அடி ஒலிக்கு 15 அங்குல ஊஃபர் ஒன்று, அதற்கு மேலே கீச்சொலிக்கு பீசோ ட்வீட்டர் இரண்டு. ஊஃபரின் முதுகில் '800 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். வாங்கும்போது நான் பார்த்தது அதை மட்டும்தான்.

ஸ்பீக்கரில் போட்டிருக்கும் வாட் கணக்கு, அது எவ்வளவு சத்தம் போடும் என்பதைச் சொல்வதில்லை. கருகாமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. பார்க்க வேண்டிய எண் சின்ன எழுத்தில் வேறொரு இடத்தில் இருக்கும்: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல். என் ஊஃபருக்கு அது 88. நல்ல பி.ஏ. (அரங்குக்கு ஒலி கொடுக்கும் அமைப்பு) ஊஃபர்களில் 96, 97 சாதாரணமாகக் கிடைக்கும். ஒன்பது டெசிபல்தானே என்று தோன்றலாம். ஆனால் 3 டெசிபல் கூட வேண்டும் என்றாலே ஆம்பின் (ஆம்ப்ளிஃபையர்) சக்தி இரண்டு மடங்காக வேண்டும். 9 டெசிபலுக்கு எட்டு மடங்கு. 97 டெசிபல் ஊஃபர் 100 வாட்டில் செய்கிற வேலைக்கு என் ஊஃபர் 800 வாட் கேட்கும். அதில் பெரும்பகுதி சத்தமாக மாறாமல் ஊஃபரின் கம்பிச்சுருளான காயிலில் வெறும் சூடாகப் போய்விடும். காயில் சூடேறினால் மின்தடை ஏறும், சத்தம் இன்னும் இறங்கும். நிகழ்ச்சியின் இரண்டாம் பாதி முழுக்க மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டும் ஃபேடர்களை மேலே தள்ளிக்கொண்டே இருந்தது ஏன் என்று அப்புறம்தான் விளங்கியது.

ஆனால் பாட்டு வரி புரியாமல் போனதற்குக் காரணம் அது இல்லை. நண்பன் உட்கார்ந்திருந்தது கடைசி வரிசையின் ஓரத்தில். நடுவில் உட்கார்ந்தவர்கள் அவ்வளவாகக் குறை சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு தேடியபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒலியின் அலைநீளம் ஊஃபரில் அதிரும் கூம்பின் அகலத்தைவிடச் சிறிதாகிவிட்டால், ஒலி விரியாமல் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராக மட்டும் போகும். 15 அங்குல ஊஃபரின் கூம்பு சுமார் 33 செ.மீ. அகலம். 1000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 1000 அதிர்வு) ஒலியின் அலைநீளம் 34 செ.மீ. அதாவது 1000 ஹெர்ட்ஸைத் தாண்டியதுமே ஒலி குறுகத் தொடங்கிவிடும். பீசோ ட்வீட்டரோ 3000, 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழே வாயே திறக்காது. இடைப்பட்ட பகுதி முழுவதையும் ஊஃபர் ஒரு ஒல்லியான கற்றையாக நடுவரிசைக்கு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுகிற க, ச, த, ப எல்லாம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கின்றன. ஓரத்தில் இருந்தவனுக்கு உயிரெழுத்து போய்ச் சேர்ந்தது, மெய்யெழுத்து போகவில்லை.

எனவே இரண்டாவது முறை உட்கார்ந்தபோது குரலிலிருந்து தொடங்கினேன். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் திணிக்கும் எண்ணத்தை விட்டேன். மேல்பெட்டி இரண்டு: ஒவ்வொன்றிலும் 12 அங்குல ஊஃபர், ஒலியை 90 டிகிரிக்கு விரிக்கும் புனலான ஹாரன், அதன் பின்னால் மேல் ஒலிகளை எழுப்பும் 1 அங்குல கம்ப்ரெஷன் டிரைவர். ஊஃபரும் ஹாரனும் 1800 ஹெர்ட்ஸில் கை மாற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் 12 அங்குல ஊஃபர் ஒலியை விரிக்கும் கோணமும் ஹாரனின் கோணமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் என்பதால், ஓரத்தில் இருப்பவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் ஒரே குரல் போய்ச் சேரும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தனியாக இரண்டு சப் பெட்டிகளுக்கு. சப்புக்கு வேறு 15 அங்குல ஊஃபர் வாங்கினேன். இந்த முறை கொட்டை எழுத்தைப் படிக்கவில்லை.

பெட்டியின் கொள்ளளவை ஊகத்தில் வைக்கக் கூடாது. பொறியாளர் நெவில் தீல் 1961இல் எழுதிய கட்டுரையும், ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளின் தொடக்கத்தில் அதை விரித்து எழுதியவையும் வந்த பிறகு, இது கணக்குப் போட்டுச் செய்கிற வேலையாகிவிட்டது. ஊஃபரின் தகவல் தாளில் அதன் இயல்பைச் சொல்லும் எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று மூன்று எண்கள் இருக்கும். வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருளில் அவற்றைப் போட்டால் எத்தனை லிட்டர், பெட்டியின் காற்றுக் குழாயை எந்த அதிர்வெண்ணுக்கு டியூன் செய்ய வேண்டும் என்று வரைபடமே வந்துவிடும். அந்த எண்கள் போடாத ஊஃபரை, எவ்வளவு மலிவாக வந்தாலும், தொடாதீர்கள்.

என் சப்புக்கு வந்த விடை 100 லிட்டர், 45 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் அடி ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ் ஆயிற்றே, அது போய்விடுமே என்று மனது அடித்துக்கொண்டது. போகவில்லை. அந்தத் தந்தியில் நமக்குக் கேட்பதில் பெரும்பகுதி அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸ்தான். 10 செ.மீ. விட்டமுள்ள குழாய் இரண்டு, ஒவ்வொன்றும் 16 செ.மீ. நீளம் என்று கணக்கு வந்தது. ஒரே குழாய் போதும் என்றால் 4 செ.மீ. சொச்சம் வைத்தால் முடிந்திருக்கும், ஆனால் சத்தம் கூடும்போது அந்தச் சின்ன வாயில் காற்று புஸ் புஸ் என்று இரையும். இரண்டு வைத்தது நல்லதாகப் போயிற்று.

டியூனிங் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த அரை மணி நேரம் அதுதான். கைப்பேசியில் ஒற்றை ஸ்வரம் எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு, ஆம்பை மிகக் குறைவாக வைத்து, 70 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறக்கினேன். ஒரு விரலின் நுனி ஊஃபரின் நடுவில், லேசாகத் தொட்டபடி. 65, 60, 55 என்று இறங்கும்வரை விரலுக்கடியில் கூம்பு துடிக்கிறது. 50 தாண்டியதும் துடிப்பு அடங்குகிறது. ஒரு புள்ளியில் கூம்பு அசையாமல் நிற்கிறது, ஆனால் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது! குழாய் முன்னால் பிடித்த டிஷ்யூ தாள் மட்டும் படபடவென்று ஆடுகிறது. அந்தப் புள்ளியில் பாட்டு பாடுவது குழாய்தான், ஊஃபர் இல்லை. எண்ணைப் பார்த்தேன்: 48. ஏன் 45 இல்லை? 100 லிட்டர் என்று வெட்டிய பெட்டிக்குள் ஊஃபரின் காந்தமும் குழாய்களும் குறுக்குக் கட்டைகளும் சேர்ந்து 12 லிட்டரைத் தின்றுவிட்டன. இவற்றை முதலிலேயே கூட்டிக்கொண்டுதான் பலகை வெட்ட வேண்டும். மூன்று ஹெர்ட்ஸ்தான் என்பதால் விட்டுவிட்டேன்.

இன்னும் கீழே, 35க்கு இறக்கிப் பார்த்தால் கூம்பு வெறி பிடித்ததுபோல் முன்னும் பின்னும் தாவும், சத்தமோ வராது. டியூன் செய்த அதிர்வெண்ணுக்குக் கீழே பெட்டிக்குள் இருக்கும் காற்று கூம்பைத் தாங்கிப் பிடிப்பதில்லை. மைக்கை யாராவது கீழே போட்டாலோ, மேடைப் பலகையில் ஒருவர் குதித்தாலோ அந்தச் சத்தம் இந்தப் பகுதியில்தான் வந்து விழும். எனவே 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே செங்குத்தாக வெட்டும் ஹை பாஸ் வடிகட்டி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் குழாய் வைத்த சப்பை நேரடி நிகழ்ச்சிக்குக் கொண்டுபோவது ஊஃபரைப் பலி கொடுப்பதுதான்.

மரவேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்டிஎஃப் வேண்டாம். ஒரு தடவை நனைந்தால் ஓரம் ஊதிவிடும், திருகாணி பிடியும் போய்விடும். 15 மி.மீ. பர்ச் ப்ளைவுட் போட்டு, உள்ளே குறுக்குக் கட்டை கொடுத்தால் முழுக் கனத்தில் செய்த எம்டிஎஃப் பெட்டியைவிட உறுதியாகவும் பாதி எடையிலும் இருக்கும். ஊஃபரை மரத்திருகில் மாட்டாதீர்கள். பலகைக்குப் பின்னால் டி-நட் வைத்து போல்ட்டில் முடுக்குங்கள், ஏனென்றால் அதை நீங்கள் எண்ணியதைவிடப் பலமுறை கழற்றப் போகிறீர்கள். ஓரம் முழுவதும் ஸ்பாஞ்சு டேப் ஒட்டுங்கள். எங்காவது காற்று கசிந்தால் ஒரு சீறல் வரும். ஈரக் கையை மூட்டுகளின் மேல் மெல்ல ஓட்டினால் குளிர்ச்சி காட்டிக்கொடுத்துவிடும். கைப்பிடியை, பெட்டிக்குள் எல்லாவற்றையும் மாட்டிய பிறகு எடை எங்கே சமன்படுகிறது என்று பார்த்து வையுங்கள். நான் காலிப் பெட்டியை வைத்து அளந்து கைப்பிடி வைத்தேன். இன்றுவரை அந்த சப்புகள் தூக்கியவர் காலை நோக்கித்தான் சாய்கின்றன.

ஊஃபருக்கும் ஹாரனுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரைப் பெட்டிக்குள் காயிலும் கெப்பாசிட்டருமாகக் கட்டாமல், ஆம்புக்கு முன்னால் ஒலியை டிஜிட்டலாகக் கையாளும் டிஎஸ்பி கருவி ஒன்று வைத்துப் பிரித்தேன். ஊஃபருக்கு ஒரு ஆம்ப் சானல், ஹாரனுக்கு ஒன்று. பிரிக்கும் எல்லா எல்லையிலும் ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவுள்ள லிங்க்விட்ஸ் ரைலி வகை வடிகட்டி. ஹாரனின் டிரைவர் ஊஃபரைவிடச் சுமார் 10 செ.மீ. பின்னால் இருந்தது, ஒலி ஒரு மில்லி வினாடியில் 34 செ.மீ. போகும், எனவே ஊஃபரை 0.3 மில்லி வினாடி தாமதப்படுத்தினேன். சரியா என்று பார்க்க 1800 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தை விட்டு, ஹாரனின் இரண்டு வயர்களை மட்டும் தலைகீழாக மாற்றிக் கேட்டேன். சத்தம் பாதாளத்தில் விழுந்தது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்றால், நேராக மாட்டும்போது சரியாகச் சேர்கின்றன என்று பொருள். வயரை மறக்காமல் திருப்பி மாட்டிவிடுங்கள். ஊஃபர்களின் பிளஸ், மைனஸ் சந்தேகத்துக்கு ஒரு 1.5 வோல்ட் பேட்டரி போதும்: பிளஸ்ஸை பிளஸ்ஸில் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். ஹாரன் டிரைவரில் இதைச் செய்யக் கூடாது.

டிஎஸ்பி வசதிதான், அதில் ஒரு ஆபத்தும் உண்டு. பெட்டிகளுக்கு நான்கு முனை ஸ்பீக்கான் இணைப்பு வைத்திருந்தேன்; முதல் ஜோடி ஊஃபருக்கு, இரண்டாவது ஜோடி ஹாரனுக்கு. முன்பு போன் ஜாக் வைத்திருந்தபோது யாரோ ஆம்ப் ஓடும்போதே பாதி உருவி, முனைகள் ஒட்டி ஆம்ப் அணைந்துபோன அனுபவம் இருந்ததால் இந்த மாற்றம். ஆனால் ஒரு வயரை இரவு இரண்டு மணிக்கு ஈயம் பற்றவைத்தபோது ஜோடிகளை நானே மாற்றிவிட்டேன். மறுநாள் ஒத்திகையில் டிரம்மர் கிக்கை ஒரே ஒரு மிதி மிதித்தார். ஹாரனிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கழற்றிப் பார்த்தால் மெல்லிய டயஃப்ரம் நொறுங்கிக் கிடந்தது. அன்றே ஒவ்வொரு ஹாரன் டிரைவருக்கும் வரிசையில் 40 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டேன். 8 ஓம் டிரைவரில் அது 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டுப்படுத்தும். ஒலியில் எந்த வித்தியாசமும் தெரியாது. எல்லா வயரின் இரு முனையிலும் இப்போது நிற டேப் ஒட்டியிருக்கிறது. புது வயர் எதுவாக இருந்தாலும் மல்டிமீட்டர் வைக்காமல் மேடை ஏறுவதில்லை.

பெட்டி நன்றாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் மீதிப் பாதி இருந்தது.

சப் இரண்டையும் மேடையின் இரு ஓரத்திலும் அழகாக வைத்தோம். அரங்கில் குறுக்கே நடந்து பார்த்தேன். நடுவில் பேஸ் கும்மென்று இருக்கிறது, நாலு எட்டு வைத்தால் காணாமல் போகிறது, இன்னும் நாலு எட்டில் திரும்ப வருகிறது. 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் 3.4 மீட்டர். ஒரு சப் இன்னொன்றைவிட 1.7 மீட்டர் தூரமாக இருக்கும் இடத்தில் இரண்டும் எதிரெதிராக வந்து அழிந்துபோகும். இரண்டையும் ஒட்டி மேடைக்கு முன்னால் நடுவில் வைத்ததும் அந்தப் பள்ளங்கள் மறைந்தன. கூடவே சத்தமும் ஏறியது. பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும், பரவாயில்லை.

மேல்பெட்டியின் ஹாரன், உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் வரிசை உடம்புகளே மெய்யெழுத்துகளை உறிஞ்சிவிடும். 35 மி.மீ. கம்பத்துக்கான குழிவைப் பெட்டியின் அடியில் வைத்து, உள்ளே இரட்டைப் பலகை கொடுத்தேன். ஸ்டாண்டின் கால்களை முழுதாக விரித்து, மணல் மூட்டை போட்ட பிறகுதான் பெட்டியை ஏற்றுவோம். இதில் மட்டும் அவசரமே கிடையாது.

அப்புறம் அந்த ஊளை: ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்து சுற்றிச் சுற்றிக் கத்துவது. எங்கள் கிட்டாரிஸ்ட் எங்கோ படித்துவிட்டு வந்து, ஸ்பீக்கர்களை நமக்குப் பின்னால் வைத்தால் நமக்கே கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கரே தேவையில்லை என்றார். 1974இல் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு அப்படித்தான் ஸ்பீக்கர்களைச் சுவர் மாதிரி முதுகுக்குப் பின்னால் அடுக்கியது. அவர் படிக்காமல் விட்ட பகுதி: அவர்கள் ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்கைத் தலைகீழ் துருவத்தில் இணைத்து, ஒன்றில் மட்டும் பாடினார்கள், இரண்டிலும் சமமாக விழும் ஸ்பீக்கர் ஒலி கழிந்துவிடும். நாங்கள் ஒரு மைக்கோடு முயன்றோம். பத்து வினாடிகூடத் தாங்கவில்லை.

ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் இருக்க வேண்டும், மானிட்டர் மைக்கின் செவிட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும் கார்டியாய்டு மைக்குக்கு அது நேர் பின்புறம். இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டுக்கு 125 டிகிரி அளவில், சற்றுப் பக்கவாட்டில். எங்கள் பாடகிக்கு மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம். அப்படிப் பிடித்தால் பின்புறத் துளைகள் அடைபட்டு மைக் எல்லாத் திசையையும் கேட்கத் தொடங்கும். "அக்கா, கீழே பிடிங்க" என்று டிரம்மர் ஒவ்வொரு பாட்டிலும் சைகை காட்டுவார். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டித்தால், ஊளையிடும் முன் கிடைக்கும் சத்தத்தில் 3 டெசிபல் போய்விடும். எனவே பாடாத மைக்கை மூடி வைக்கிறோம். அரங்கில் ஆள் வரும் முன்பு மைக்கை ஊளையிடும்வரை ஏற்றி, அந்த அதிர்வெண்ணை மட்டும், அதிர்வெண்வாரியாக ஏற்றி இறக்கும் ஈக்யூவில், 3 டெசிபல் இறக்குவேன். இப்படி மூன்று, நான்கு இடம் போதும். அதற்கு மேல் வெட்டினால் குரலையே வெட்டுகிறோம்.

கடைசியாகக் கற்றது கொஞ்சம் கசப்பானது. சிறிய அரங்கில் சத்தத்தின் அளவை முடிவு செய்வது டிரம்ஸ்தான், பி.ஏ. இல்லை. அதற்குமேல் கிட்டார் ஆம்ப், அதற்குமேல் என் பேஸ் ஆம்ப், எல்லாவற்றுக்கும் மேலே குரல் வர வேண்டும். மேடையில் நாங்கள் 6 டெசிபல் குறைத்தால், நான்கு மடங்கு ஆம்ப் வாங்கின பலன். கிட்டார் ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி, கிட்டாரிஸ்ட்டின் காதைப் பார்த்துச் சாய்த்து வைத்தோம். அவரே குமிழைக் குறைத்தார். அதுவரை முழங்காலுக்குத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். நானும் என் ஆம்பைக் குறைத்தேன். ஒரு வாரம் மனசே சரியில்லை.

மிச்சம் பிடிக்கலாம் என்று இதில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பிடிக்க முடியாது. நொறுங்கிய டயஃப்ரத்தையும், வீணான எம்டிஎஃப்பையும், இரண்டு முறை வாங்கிய ஊஃபர்களையும் கூட்டினால், நல்ல நிலையில் இருக்கும் பழைய கம்பெனி பெட்டிகளையே வாங்கியிருக்கலாம். மேடையில் ஏதாவது நின்றுபோனால் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிகிறதே, அதற்காகத்தான் நான் வருத்தப்படுவதில்லை. பழைய பெட்டிகளில் ஒன்று இப்போது ஒத்திகை அறையில் கீபோர்டுக்கு மேசை.

புதிய பெட்டிகளோடு போன முதல் நிகழ்ச்சிக்கு அதே நண்பனை அழைத்து, அதே கடைசி வரிசையின் ஓரத்தில் உட்காரச் சொன்னேன். முடிந்ததும் மேடைக்கு வந்தான். என்னிடம் வராமல் நேராகப் பாடகியிடம் போனான்.

"நல்லாப் பாடினீங்க அக்கா. மூணாவது பாட்டுல மட்டும் ரெண்டாம் சரணத்து வரியை முதல்லயே பாடிட்டீங்க, இல்ல?"

அவர் திரும்பி என்னைத்தான் முறைத்தார்.